பிரசாவுரிமை விண்ணப்பமும் நிலைப்பொறியும்: மலையக வரலாறு குறித்த சில சிந்தனைகள்

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் தலைவர்களின் உரைகளையுமே ஆதாரங்களாகக் கொண்டு வந்துள்ளனர். அச்சட்டங்களும் ஒப்பந்தங்களும் தொழிலாளியின் லயன் வாசலை அடைந்தபோது ஒரு படிவமாகவே, நிரப்பி ஒப்பமிட்டு ஆதாரங்களுடன் ஒப்படைக்கப்பட வேண்டிய ஒரு கடதாசியாகவே வந்து சேர்ந்தன என்பது போதிய கவனிப்பைப் பெறவில்லை. இலக்கிய ஆய்வாளராகிய எமக்குப் படிவமும் ஒரு பனுவலே. அதற்கும் ஓர் ஆசிரியன் உண்டு. அது முன்கூட்டியே கற்பித்துக்கொண்ட ஒரு வாசகன் உண்டு. அது சொல்ல இடந்தருவன சில, இடந்தராதன பல. 1949ஆம் ஆண்டிலிருந்து 2003ஆம் ஆண்டுவரை கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் சுற்றிவந்த பிரசாவுரிமை விண்ணப்பங்களை அவ்வாறு வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாசிப்புக்கு வேண்டிய கருத்துருவம் ஒன்று நாம் எதிர்பாராத ஒரு துறையிலிருந்து கிடைக்கின்றது. கணனி விஞ்ஞானத்தார் அதனை நிலைப்பொறி என்பர். நரம்பு வலைகளின் தருக்கம் பற்றி 1943இல் மக்கலக், பிற்ஸ் ஆகியோர் எழுதிய கட்டுரையிலே கருக்கொண்டு, 1955, 1956ஆம் ஆண்டுகளில் மீலி, மூர் ஆகியோரின் ஆய்வுகளிலே உருப்பெற்று, 1987இல் டேவிட் ஹரல் வகுத்த நிலை வரைபடங்களால் விரிவடைந்த இக்கருத்து, இன்று இணையவழி விண்ணப்பங்களை அமைப்போரின் அன்றாடக் கருவிகளுள் ஒன்றாகியுள்ளது. அதனை எளிமையாகச் சொல்லலாம். பல படிகளைக் கொண்ட ஒரு விண்ணப்பத்தை எண்ணிக்கொள்வோம். முதற்படியில் பெயரும் பிறந்த திகதியும், இரண்டாம் படியில் குடும்பம், மூன்றாம் படியில் ஆதாரங்கள், இறுதியில் ஒப்பம். இங்கே சரிபார்த்தல் மூவகைப்படும். திகதி கேட்ட இடத்திலே திகதிதான் உள்ளதா எனத் தனித்தனிப் பெட்டியைப் பார்ப்பது ஒன்று. ஒரே பக்கத்திலுள்ள பெட்டிகள் தம்முள் முரண்படாதிருக்கின்றனவா எனப் பார்ப்பது இன்னொன்று. மூன்றாம் படியிலே சொன்னது முதற்படியிலே சொன்னதைப் பொய்யாக்குகின்றதா எனப் பார்ப்பது மூன்றாவது. இம்மூன்றாவதே கடினமானது. விண்ணப்பிப்பவர் பின்னோக்கிச் சென்று ஒரு திகதியைத் திருத்தினால், அதன்பின் ஏற்கப்பட்ட படிகள் எல்லாம் மீண்டும் ஐயத்துக்குரியனவாகின்றன.

நிபந்தனைகளை ஆங்காங்கே சிதறவிட்டு இதனைச் செய்யப் புகுந்தால், ஒரே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவும் நிராகரிக்கப்பட்டதாகவும் ஒருங்கே நிற்கும் விபரீதம் நேரும். ஆகவே, விண்ணப்பம் இருக்கக்கூடிய நிலைகள் யாவும் முதலிலே பட்டியலிடப்படுகின்றன. எந்த நேரத்திலும் அது அவற்றுள் ஒன்றில் மாத்திரமே இருக்கும். ஒரு நிகழ்வு நேரும்போது, வாயிலிலே நிற்கும் காவல் நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே அது அடுத்த நிலைக்குப் பெயரும். நல்ல அமைப்பாளர் தமது பொறியைப் பார்த்து இரு வினாக்களை எழுப்புவார். ஒவ்வொரு நிலையிலிருந்தும் வெளியேறும் வழி உண்டா? எந்த நிகழ்வும் நேராது காலம் மட்டும் கழிந்தால் விண்ணப்பம் எங்கே போய்ச் சேரும்?

இயந்திர உவமைகளை மனித வரலாற்றின்மீது ஏற்றுவதிலுள்ள அபாயத்தை நாம் அறியாமலில்லை. காவல் நிபந்தனையை வகுத்தவர் எவர், அதனால் எவ்வர்க்கம் பயனடைந்தது என்று எந்தப் பொறியும் கேட்பதில்லை. 1843இல் ஹெகலின் அரச தத்துவத்தை விமர்சித்த மார்க்ஸ், அதிகாரவர்க்கத்தின் பார்வையில் பொருள்களின் மெய்யான இருப்பு பின்தள்ளப்பட்டு ஏட்டிலுள்ள இருப்பே மேலோங்குகிறது என்ற கருத்துப்பட எழுதினார். அந்த ஏட்டு இருப்பு எவ்வாறு படிப்படியாக உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதைக் காட்டும் அளவிலேயே நிலைப்பொறி எமக்குப் பயன்படுகின்றது.

கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குக் கடதாசி புதிதன்று. 1824இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டமொன்றை ஆரம்பித்தார். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். இவ்விரு பயிர்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட உழைப்பு ஆரம்பத்திலிருந்தே ஏதோவொரு வகையான பதிவுக்குட்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புகுத்தப்பட்ட தகர வில்லையை எடுத்துக்கொள்வோம். போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் குறியீடு பொறிக்கப்பட்ட அவ்வில்லை, பயணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கிலே எழுதப்பட வேண்டும் என்பதைச் சொல்லிற்று. அதனைச் சுமந்து வந்தவர் இன்னார் என்பதை அது சொல்லவில்லை. 'துண்டு' அதனினும் வெளிப்படையானது. இன்ன தொகை கடனைச் செலுத்தினால் இன்ன தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. துண்டு இல்லாதவனை இன்னொரு தோட்டம் ஏற்காது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிரட்டுக் களத்திலே பெயர் கூப்பிட்டு அன்றன்று குறிக்கப்பட்ட செக்ரோல் மாத்திரம் எஞ்சிற்று. அது வேலைநாளைக் குறித்த ஏடு. கூலியைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. கங்காணி கூப்பிட்ட பெயரே அதிலே ஏறிற்று. ஒரே பெண் ஓரிடத்தில் லெட்சுமியாகவும் இன்னோரிடத்தில் லச்சுமாயியாகவும், மூன்றாமிடத்தில் வீட்டிலே வழங்கிய வேறொரு பெயராலும் எழுதப்படுவது அவ்வேட்டின் தேவைக்கு ஒரு குறையன்று. எட்டு மணித்தியால உழைப்புக்குப் பெயரின் எழுத்து முக்கியமல்ல.

இந்த ஏடுகளே பின்னாளில் ஒரு மனிதன் எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்பதற்குச் சான்றாகக் கேட்கப்பட்டன. கடனையும் உழைப்பையும் கணக்கிடுவதற்காக முதலாளி எழுதி, முதலாளியே வைத்திருந்த தரவு, தொழிலாளி தனது உரிமையை நிறுவுவதற்கான தரவாயிற்று. எமது வாதத்தின் மையம் இதுவேயாதலால் இதனைச் சற்றுத் தங்கிச் சொல்ல வேண்டியுள்ளது. எந்தச் சரிபார்த்தலும் ஒப்புநோக்குவதற்கு இன்னோர் ஏட்டை வேண்டி நிற்கின்றது. அந்த ஏடு எவர் கையில் உள்ளதோ அவரே, சட்டம் என்ன சொன்னாலும், மெய்யான காவலர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இலங்கையிலே பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். நிபந்தனையின் சொற்களிலே எந்த இனத்தின் பெயரும் இல்லை. தும்பறைப் பள்ளத்தாக்கின் விவசாயிகளுள்ளும் தந்தையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்ட இயலாதவர் பலர் இருந்திருப்பர். ஆயின் அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. நிலைப்பொறியின் மொழியிலே கூறின், இரு மக்கள் கூட்டத்தினர்க்கும் காவல் நிபந்தனை ஒன்றே. தொடக்க நிலை வேறு. ஒரு சாரார் 'பிரசை' என்ற நிலையிலே தொடங்கினர். மறுக்க விரும்புவோரே ஆதாரம் காட்ட வேண்டும். மறுசாரார் 'ஐயத்துக்குரியவர்' என்ற நிலையிலே தொடங்கினர். அவர்களே ஆதாரம் காட்ட வேண்டும். சமத்துவமான விதி சமத்துவமற்ற விளைவைத் தரும் சூட்சுமம் பெரும்பாலும் இந்தத் தொடக்க நிலையிலேயே ஒளிந்திருக்கின்றது. இன்றைய படிவங்களிலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும் பெட்டியே கவனமாகப் படிக்கப்பட வேண்டியது.

ஏன் இது நேர்ந்தது என்பதைப் பலர் விரிவாக எழுதியுள்ளனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றதும், வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்க்குத் துணைநின்றதும், புதிதாக ஆட்சியேறிய வர்க்கத்தினர்க்கு உவப்பாயிருக்கவில்லை. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து கே. இராஜலிங்கம் நாடாளுமன்றம் சென்றமை அவ்வெழுவரின் வெற்றிகளுள் ஒன்று. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமை பிரசைகளுக்கு மட்டுமே உரியதாக்கப்பட்டது. உழைப்பு வேண்டும், உழைப்பாளியின் வாக்கு வேண்டாம் என்பதே இதன் உட்பொருள்.

இனி 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம் அமைத்த பொறியை அண்மையிலே நின்று நோக்குவோம். விண்ணப்பிப்பவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் தொடர்ச்சியாக, மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும், இலங்கையிலே வதிந்திருத்தல் வேண்டும். அத்திகதியிலிருந்து விண்ணப்பிக்கும் நாள்வரையிலும் அவ்வதிவு அறுபடாதிருத்தல் வேண்டும். ஒருமுறை நாட்டைவிட்டுச் சென்றால் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கியிருத்தலாகாது. போதிய வருமானம் வேண்டும். மனைவியும் வயதுவராப் பிள்ளைகளும் இலங்கையிலே வதிந்திருத்தல் வேண்டும். இவையனைத்தையும் சத்தியக் கடதாசியோடு இரண்டாண்டு காலத்துள், அதாவது 1951 ஓகஸ்ட் மாதத்திற்குள், சமர்ப்பித்தல் வேண்டும்.

விண்ணப்பம் ஆணையாளரை அடைந்ததும் பிரதேசத்து விசாரணை அலுவலரிடம் அனுப்பப்படும். அவர் தோட்டத்திலே விசாரித்து அறிக்கை எழுதுவார். முதல் நோக்கிலே தகுதி உண்டென்று ஆணையாளர் கருதினால் பகிரங்க அறிவித்தல் வெளியாகும். எவரும் ஆட்சேபிக்காவிடின் பதிவு நிகழும். தகுதியில்லையெனக் கருதினால், நிராகரிக்கக் கூடாமைக்கான காரணத்தை மூன்று மாதங்களுள் காட்டுமாறு அறிவித்தல் அனுப்பப்படும். காரணம் காட்டினால் விசாரணை. காட்டாவிடின் நிராகரிப்பு. விசாரணையிலும் தோற்றவர் உயர்நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்.

ஏட்டிலே பார்த்தால் இது குறைகாண முடியாத பொறி. ஒவ்வொரு நிலையிலிருந்தும் வழியுண்டு. மறுப்புக்கு மறுமொழி உண்டு. உச்சியிலே நீதிமன்றம் உண்டு. பிழை இன்னோரிடத்தில் இருக்கின்றது. மௌனத்துக்கு அளிக்கப்பட்ட பொருளைக் கவனியுங்கள். அயலவர் மௌனமாயிருந்தால் அது விண்ணப்பதாரிக்குச் சார்பு; விண்ணப்பதாரி மௌனமாயிருந்தால் அது அவருக்கே எதிர். அவர் மௌனமாயிருப்பதற்குக் காரணங்கள் பல. லயனுக்கென்று தனி முகவரி இல்லை. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் தப்பால் பையிலே தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன. அறிவித்தல் ஆங்கிலத்திலே எழுதப்பட்டிருந்தால் அதை வாசித்துச் சொல்ல ஒரு கிளாக்கரையோ தொழிற்சங்கக் காரியாலயத்தையோ நாட வேண்டும். காலம் கழிந்தால் தானாகவே நிராகரிப்பு நிலைக்குப் பெயரும் எந்தப் பொறியும், அறிவித்தல் கையிற் கிடைத்ததா என்பதை உறுதிசெய்யும் ஒரு நிலையைத் தனக்குள் கொண்டிருத்தல் வேண்டும். இணையச் செயலிகளை அமைக்கும் இளைஞர்கள் இதனைப் பாலபாடமாகப் படிக்கின்றனர்.

அடுத்தது, படிகளுக்கிடையிலான சரிபார்த்தல். இங்கே விண்ணப்பத்தின் அலகு தனிமனிதரன்று, குடும்பம். கணவன் இருபது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் வேலை செய்திருக்கலாம். மனைவி பிரசவத்துக்காகவோ தாயின் நோய்க்காகவோ திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கிராமமொன்றிலே நீண்டகாலம் தங்கியிருந்தால், அவளது பெட்டியிலுள்ள ஒரு திகதி அவனது பெட்டியிலுள்ள இருபது ஆண்டுகளையும் செல்லாதனவாக்கிவிடும். கூலிக்கு உழைக்கும் குடும்பம் தனது மறுவுற்பத்திச் செலவின் ஒரு பகுதியை, பிள்ளைப்பேறு, நோய், முதுமை, சாவு ஆகியவற்றை, ஊரிலுள்ள உறவினரின் தலையிலே சுமத்தியிருந்தமை தோட்ட முதலுக்கு நீண்டகாலம் வசதியாகவே இருந்தது. தோட்டம் கொடுக்கத் தவறிய மருத்துவமும் பராமரிப்பும் கடல்கடந்து தேடப்பட்டன. அந்தப் பயணமே பின்னர் 'வதிவு அறுபட்டமைக்கு' ஆதாரமாயிற்று. பெண்ணின் உழைப்பு பற்றிய பதிவும் பலவீனமானது. கொழுந்து நிறுத்த கணக்கிலே அவள் இருந்தாள். குடும்பத்தின் பெயரால் செய்யப்பட்ட விண்ணப்பத்தில் அவள் கணவனின் தகுதிக்கான ஒரு நிபந்தனையாக மாத்திரமே தோன்றினாள்.

ஒருமுறை ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியிலே பின்னோக்கிச் செல்லும் வழி அநேகமாக இல்லை. இன்றைய செயலியிலே திரும்பிச் செல்லும் பொத்தான் ஒன்று உண்டு. திருத்தியதை ஏற்று, பின்வந்த படிகளை மீண்டும் சரிபார்க்கும் ஒழுங்கும் உண்டு. சத்தியக் கடதாசியிலோ, திருத்தம் என்பது முன்னர் பொய்யுரைத்தமைக்கான ஒப்புதலாக வாசிக்கப்படும் அபாயம் இருந்தது. தனது வயதைச் சரியாக அறியாத ஒருவன், செக்ரோலில் ஒரு வயதும் பிள்ளையின் பிறப்புப் பதிவில் இன்னொரு வயதும் உடையவனாக இருப்பது இயல்பு. இரு தரவுகள் முரண்பட்டால் தரவுகளுள் ஒன்று பிழையாகலாம் என்பது ஒரு முடிவு. மனிதன் பொய்யன் என்பது இன்னொரு முடிவு. எந்த முடிவுக்கு வருவது என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல் ஏற்கனவே வழக்கிலிருந்த ஒரு சமூகத்திலே, எம்முடிவு எளிதாயிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் இச்சட்டத்தை முதலிலே பகிஷ்கரித்தது. பகிஷ்கரிப்பின் அரசியல் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. அநீதியான வாயிலிலே வரிசையில் நிற்க மறுப்பதும் ஒரு போராட்ட வடிவமே. எனினும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பகிஷ்கரிப்புக் கைவிடப்பட்டபோது எஞ்சியிருந்த காலம் குறுகியது. முடிவுத் திகதிக்குள் ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவை ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கின. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழரை 780,589 எனக் கணித்திருந்ததை நோக்கும்போது, கிட்டத்தட்ட முழுச் சமூகமுமே அவ்வரிசையில் நின்றதெனலாம். தற்காலிகமாக வந்து திரும்பிப்போகும் மக்கள் என்று அவர்களை வருணித்தவர்களுக்கு இதனைவிடத் தெளிவான மறுமொழி கிடைத்திருக்க முடியாது. ஆண்டுகள் பல கடந்து விண்ணப்பங்கள் தீர்க்கப்பட்டு முடிந்தபோது பதியப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. ஆறில் ஒரு பங்கு.

இதற்கிடையில் 1952இல் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகமும், வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டமையை எதிர்த்துத் தொடுக்கப்பட்டு 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலிலே முடிவுற்ற கோடகன் பிள்ளை வழக்கும் நிகழ்ந்தன. தனது பிரசைகள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரமே என்று கவுன்சில் கூறிற்று. நீதிமன்றம் விதியின் சொற்களைச் சரிபார்த்தது. விதி எந்தச் சமூகத்தின்மீது விழுந்தது என்பதை அது தனது வினாவாக்கிக் கொள்ளவில்லை.

நிராகரிக்கப்பட்டவர் எங்கே போனார்? இதுவே அமைப்பாளரின் முதலாவது வினா. இலங்கையின் பொறியிலே 'நிராகரிக்கப்பட்டது' என்பது இறுதி நிலை. ஆனால் மனிதன் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. அடுத்தநாட் காலையிலும் அவன் பிரட்டுக்குச் சென்றான். இந்திய அரசோ, இலங்கை மறுத்தமையால் மட்டும் ஒருவர் இந்தியராகிவிட மாட்டார் என்ற நிலைப்பாட்டிலே நின்றது. இரு பொறிகளும் தத்தம் அளவிலே முரணின்றி இயங்கின. இரண்டுக்கும் இடையே விழுந்தவர்க்கு எந்தப் பொறியிலும் ஒரு நிலை இல்லை. 'நாடற்றவர்' என்ற பெயர் அவ்வெற்றிடத்துக்கு இடப்பட்டதாகும். தலவாக்கலைத் தொகுதியின் முன்னாள் உறுப்பினரும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை தமது நூலொன்றுக்கு 'நாடற்றவர் கதை' என்று பெயரிட்டமையும், தெளிவத்தை ஜோசப் தமது சிறுகதைத் தொகுதிக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயரிட்டமையும் ஒரே பிரச்சினையின் இரு முனைகள். முன்னது ஏடு சொன்னது. பின்னது கால் ஊன்றிய மண் சொன்னது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இவ்வெற்றிடத்தை எண்களால் நிரப்ப முயன்றது. 975,000 பேருள் 525,000 பேரை இந்தியா ஏற்கும்; 300,000 பேரை இலங்கை ஏற்கும்; எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்க்கப்படுவர். 1974இல் இரு நாடுகளும் அவர்களைப் பாதிக்குப் பாதி, 75,000 பேராகப் பங்கிட்டன. எவருடைய விருப்பமும் கேட்கப்படுமுன் விடை எழுதப்பட்டுவிட்டது. 1968 மே தொடக்கம் 1970 ஏப்ரல்வரை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டபோது, இலங்கைப் பிரசாவுரிமை கேட்டோர் 300,000ஐ மிக விஞ்சினர். இந்தியக் குடியுரிமை கேட்டோர் 525,000ஐ எட்டவில்லை. படிவத்திலே மனிதர் எழுதிய விடை ஒப்பந்தத்திலே அரசுகள் எழுதிய விடையோடு பொருந்தவில்லை. பொறி பிழையென்று கண்டது மனிதரின் விடையை.

இவ்விடத்தில் கண்டி நகரம் எமது கதையின் மையத்துக்கு வருகின்றது. இந்திய அரசின் முகவர் காரியாலயம் 1920களிலிருந்தே இந்நகரத்தில் இயங்கி வந்தது. ஒப்பந்தத்தின் பின், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயமே மலைநாட்டு மக்களின் இந்தியக் குடியுரிமை விண்ணப்பங்களுக்கும் கடவுச்சீட்டுகளுக்கும் பிரதான வாயிலாயிற்று. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒருநாட் சம்பளத்தை இழந்து பஸ்ஸேறி வந்தவர்கள் அவ்வாயிலிலே காத்து நின்றனர். கொழும்பிலே ஒரு பொறி, கண்டியிலே ஒரு பொறி. அவை இரண்டும் நான்குக்கு ஏழு என்ற விகிதத்தால் பிணைக்கப்பட்டிருந்தன. நால்வர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைக்க எழுவர் இந்தியாவின் பக்கம் சேர வேண்டும். 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்டாலே போதும் என்றவாறு அப்பிணைப்பைத் தளர்த்தியிருந்தது. 1971ஆம் ஆண்டுத் திருத்தமோ, எழுவரும் உண்மையாகவே நாட்டைவிட்டுச் சென்றிருத்தல் வேண்டும் என்றாக்கிற்று.

படிவங்களின் வரலாற்றிலே இதற்கு நிகரான காவல் நிபந்தனை அரிதென்றே கருதுகின்றோம். ஒருவருடைய விண்ணப்பம் எல்லா வகையிலும் சரியானது. வதிவு சரி, வருமானம் சரி, ஆதாரங்கள் சரி. ஆயினும் அடுத்த நிலைக்கு அது பெயரவில்லை. காரணம் அவரிடத்தில் இல்லை. அவர் முகமறியாத எழுவர் தலைமன்னாரிலே கப்பலேறவில்லை. தொழிலாளியின் உரிமை இன்னொரு தொழிலாளியின் வெளியேற்றத்தால் விலைகொடுத்து வாங்கப்படும் பண்டமாயிற்று. ஒரே லயனிலே, சிலவேளை ஒரே அறையிலே, இந்தியாவுக்கு விண்ணப்பித்த பெற்றோரும் இலங்கைக்கு விண்ணப்பித்த வளர்ந்த பிள்ளைகளும் வாழ்ந்தனர். தகப்பன் புறப்படுவது மகனின் கோப்பை நகர்த்தும் எண்ணிக்கையில் ஒரு பங்காயிற்று.

'விருப்பம்' என்ற பெட்டியையும் சற்று நோக்க வேண்டும். விண்ணப்பித்தவர் விரும்பியே விண்ணப்பித்தார் என்று ஏடு சொல்லும். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களைப் பஞ்சம் பீடித்தது. மாவும் அரிசியும் அருகின, வேலைநாட்கள் குறைந்தன, பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை ஒட்டிக் கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியிலே பூட்டி வைத்துவிட்டுப் புறப்படத் தயங்கியிருந்தோரைப் பசி புறப்பட வைத்தது. 1977ஆம் ஆண்டு வன்செயல் இன்னும் பலரை அசைத்தது. ஒப்பத்தைச் சரிபார்க்கலாம், ஒப்பமிட்ட கையை எது அசைத்தது என்பதைச் சரிபார்க்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதியொன்றுக்கு அப்பெயரையே இட்டார். ஆய்வேடுகளைவிட அவ்விரு சொற்கள் அதிகம் சொல்கின்றன.

காலம் கழிவது பொறிக்கு வெளியிலுள்ள விடயமன்று. விண்ணப்பம் நிலுவையிலிருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் பிறந்தனர், வளர்ந்தனர், மணஞ்செய்தனர்; விண்ணப்பதாரிகள் இறந்தனர். ஒப்பந்தம் இதனை 'இயற்கை அதிகரிப்பு' என்ற தலைப்பிலே இரு நாடுகளின் கணக்கிலும் சேர்த்துக்கொண்டது. ஒப்பந்த காலம் 1981 ஒக்டோபரில் முடிவுற்றபோது வேலை பாதியிலே நின்றது. 1984இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பற் சேவையும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வழங்கப்பட்டு, வதிவதற்கான அனுமதி காலாவதியாகி, செல்வதற்குக் கப்பலும் இல்லாது பல்லாயிரவர் எஞ்சினர். 'வழங்கப்பட்டது' என்ற நிலையிலிருந்து 'சென்றுவிட்டார்' என்ற நிலைக்குப் பெயர்த்துவிடும் நிகழ்வு உலகத்திலிருந்தே அகன்றுவிட்டது. பொறியோ அந்நிகழ்வுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இம்முடிச்சை எந்தச் சரிபார்த்தலும் அவிழ்க்கவில்லை. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒப்பந்தக் கணக்கிலே விடுபட்ட ஏறத்தாழ 94,000 பேருக்கு வழிவகுத்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் ஒருபடி மேலே சென்று, இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத இந்திய வம்சாவழியினரைத் தனித்தனி விண்ணப்பமின்றியே பிரசைகளெனக் கொண்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி தொட்டு இலங்கையிலே நிரந்தரமாக வதிபவரும் அவர்தம் வழித்தோன்றலும் பிரசைகளாவர் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோரிடமும் எழுத்துமூலப் பிரகடனமொன்றே கேட்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து நடத்தப்பட்ட நடமாடும் சேவைகளில் பத்து நாட்களுக்குள் 190,000க்கும் அதிகமானோர் பிரசாவுரிமை பெற்றதாக ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் கூறுகின்றது. 1949ஆம் ஆண்டின் பொறி ஏறத்தாழ 134,000 பேரைப் பதிய ஒரு தசாப்தத்துக்கு மேல் எடுத்ததை இதனோடு ஒப்பிடலாம். மக்கள் மாறவில்லை, அவர்களது ஆதாரங்களும் இடைக்காலத்திலே பெருகிவிடவில்லை. தொடக்க நிலை மாற்றப்பட்டது. தொழிற்சங்கங்களின் நெடுங்காலப் போராட்டமும், 1977க்குப் பின் மலையக வாக்கு நாடாளுமன்றக் கணக்குகளிலே மீண்டும் பெறுமதி பெற்றமையும் இன்றி அது மாற்றப்பட்டிருக்காது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வளவு முன்னர் தேயிலைத் தோட்டமாயிருந்த காணி என்பது நம்மிற் பலர் அறிந்ததே. இன்று ஹந்தானைச் சரிவிலுள்ள லயன்களிலிருந்து பார்த்தால் பல்கலைக்கழகத்தின் கூரைகள் தெரியும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் சிலர் இங்கே கணனி விஞ்ஞானம் பயில்கின்றனர். அரசாங்கத் திணைக்களங்களின் சேவைகள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாற, அவற்றின் படிவங்களை அவர்களுள் சிலரும் எழுதக்கூடும். அப்படிவங்களிலே முகவரி என்ற படி ஒன்று வரும். வீட்டு இலக்கம், வீதியின் பெயர் ஆகியன கட்டாயம் நிரப்பப்பட வேண்டிய பெட்டிகளாக அமைக்கப்படுவது வழமை. லயன் அறைகள் பலவற்றுக்குத் தனி இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மாத்திரம் உண்டு. அப்பெட்டி வெறுமையாயிருந்தால் அடுத்த படிக்குச் செல்ல அந்தச் செயலி விடுமா என்பதை, அதனை அமைப்பவர் தமது வரைபடத்திலே இப்போதே எழுதிவைத்தல் வேண்டும்.